பச்சைத் தலைப்பாகை

எங்கள் வீட்டில் ஒரு பச்சைத் தலைப்பாகையைத் தேட ஆரம்பித்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தலைப்பாகைக்கு உரியவர் அம்மாவின் சித்தப்பா. எனக்குச் சின்ன அப்புச்சி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தறி வைத்திருந்தவர். ஒரு நாள் நூல் எடுக்கச் சேலம் போயிருக்கிறார். மாடர்ன் தியேட்டர்ஸில் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, நூல் மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஏற்காடு சாலைக்கு நடந்துவிட்டார். மூன்று நாள் வேலை. நாளுக்கு ஒன்றேகால் ரூபாய், மத்தியானம் சாப்பாடு. பாக்தாத் நகரத்துக் கடைவீதியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இவர் தலையில் பச்சைத் துணியைச் சுற்றிவிட்டார்களாம். படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'.

1956 பொங்கலுக்கு வந்த படம் அது. எம்.ஜி.ஆர்., பானுமதி, கொள்ளைக்கூட்டத் தலைவனாக வீரப்பா. தமிழில் முழுக்க வண்ணத்தில் வந்த முதல் படம். ஸ்டுடியோ முதலாளி டி.ஆர். சுந்தரமே இயக்கினார். அவர் பெயரில் இருக்கும் 'டி' திருச்செங்கோடு என்பதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்றைக்கும் ஒரு தனிப் பெருமை உண்டு. நெசவுத் தொழில் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் வரைக்கும் போய் வந்தவர், 1935இல் சேலத்தில் ஸ்டுடியோ கட்டி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். "நூலுப் படிக்கப் போனவுரு படம் எடுக்கறாரு, தறி ஓட்டறவன் நான் போயி நிக்கக் கூடாதா?" என்று சின்ன அப்புச்சி கேட்பாராம்.

படம் ஊருக்கு வந்தது டூரிங் கொட்டகையில். பட்டணத்தில் ஓடி ஓய்ந்து, பெட்டி கை மாறி மாறி வந்து சேர ஒரு வருஷம் ஆகியிருக்கும். வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். தரை டிக்கெட். முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து அதன்மேல் உட்காரும் வழக்கம். கடைவீதி வந்ததும் சின்ன அப்புச்சி மணல் மேட்டிலிருந்து எழுந்து நின்று, "அதா... அதா!" என்று கத்தியிருக்கிறார். பின்னால் இருந்தவர்கள் "உக்காருய்யா" என்று கத்த, எங்கள் சனமெல்லாம் திரும்பி அவர்களோடு சண்டைக்குப் போக, அந்த நேரத்தில் திரையை யாருமே பார்க்கவில்லை. காட்சி போய்விட்டது. மறுநாள் வேறு படம்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பெட்டியிலும் அந்தத் தலைப்பாகையைத் தேடியிருக்கிறோம். எண்பதுகளின் நடுவில் அப்பா வாங்கிய சாலிடேர் டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அலிபாபா வந்தது. தெருவே எங்கள் வாசலில். டிவியோ கறுப்பு வெள்ளை. பாக்தாத்தில் இருந்த அத்தனை தலைப்பாகையும் சாம்பல் நிறம். 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி பழைய படங்களை 28 ரூபாய்க்கு வி.சி.டி.யாக இறக்கியதும், அந்த விலையைப் பார்த்து எல்லாரும் தட்டுகளைக் குவித்தார்கள். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில், பெயரே போடாத ஏதோ ஒரு தட்டில் அலிபாபா கிடைத்தது. வண்ணம் இருந்தது, முகம் இல்லை. கூட்டம் வந்தாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து, மனிதர்கள் பாசிமணி கொட்டியது போலத் தெரிந்தார்கள்.

2020 ஊரடங்கு. என் மகன் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வீடு வந்து சேர்ந்தான். நான் தமிழாசிரியை; பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். மகன் டிவியின் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைச் சொருகினான்.

"அம்மாயி, இனிமே நீங்க எந்தப் படம் கேட்டாலும் வருமுங்க."

"எந்தப் படமுமா சாமி?"

"எந்தப் படமும்."

பொய். அவன் அறியாமல் சொன்ன பொய்.

முதலில் வந்தது போஸ்டர் வரிசை. வரிசைக்குக் கீழே வரிசை. எல்லாவற்றிலும் பாதி முகம் இருட்டு, பாதி முகம் ரத்தம். முந்தின ராத்திரி மகன் பார்த்த கொரியத் தொடரை மனதில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு இன்னும் ஆறு கொரியத் தொடர்களைச் சிபாரிசு செய்தது. பழைய படம் எங்கே என்று கேட்டோம். 'கிளாசிக்' என்று ஒரு வரிசை திறந்தது. அதில் தலைமாட்டில் 'ரோஜா'. 1992. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "இது நேத்து வந்ததாச்சே கண்ணு" என்றார்.

ரிமோட்டில் மைக் இருக்கிறது, வாயால் கேட்டாலே போதும் என்றான் மகன். அம்மா அதை டெலிபோன் போலக் காதோடு சேர்த்துப் பிடித்து, மரியாதையாக, "ஏனுங்க, மந்திரி குமாரி படம் இருக்குதுங்களா?" என்றார். மந்திரிகள் வந்தார்கள். ஊரடங்கு அறிவிப்பு, பேட்டி, கண்டன அறிக்கை. குமாரி வரவில்லை.

சரி, எழுத்தில் தேடலாம் என்றால் திரையில் வரும் பலகை ஆங்கிலம். நம்முடைய 'த'வுக்கு எந்த ஆங்கில எழுத்து என்பதில் தமிழர்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒருவர் ஹெச் சேர்க்கிறார், ஒருவர் சேர்ப்பதில்லை. ஒருவர் சந்தி போடுகிறார், ஒருவர் விழுங்குகிறார். ஒரே படம் நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு இடத்தில் கிடக்கிறது. காலமெல்லாம் பிள்ளைகளின் ஒற்றுப்பிழையைத் திருத்தியவள் நான், கடைசியில் பிழையாக எழுதப் பழகிக்கொண்டேன். சரியாக எழுதினால் படம் கிடைக்காது.

பத்து நாளில் ஒரு நோட்டுப் போட்டோம். அதில் சேர்ந்த அனுபவத்தைச் சொல்கிறேன், பழம்படம் தேடுகிறவர்களுக்கு உதவும். படத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாட்டைத் தேடுங்கள். பாட்டை ஏற்றுகிறவர்கள் ரசிகர்கள். பாடியவர், இசையமைத்தவர், வருஷம் எல்லாம் பொறுப்பாக எழுதியிருப்பார்கள். படப் பெயரை அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படியே பார்த்து அடித்தால் படம் வந்துவிடும். அடுத்தது, ஓடும் நேரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. 'முழுப் படம்' என்று போட்டு ஒன்றே முக்கால் மணி நேரம் காட்டினால், யாரோ பாட்டையோ நகைச்சுவையையோ கத்தரித்திருக்கிறார்கள். மூன்றாவது, மாதக் கட்டணம் வாங்கும் தளத்தில் இல்லை என்றால் படமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எங்களுக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேல் காசு கேட்காத யூடியூபில்தான் இருந்தது.

மந்திரி குமாரியும் அங்கேதான் கிடைத்தாள்.

1950இல் வந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படம். மு. கருணாநிதி எழுதிய நாடகம் படமானது. டி.ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாதவர், எம்.ஜி.ஆரை முதல்முதலில் 'சதிலீலாவதி'யில் திரையில் காட்டியவரும் அவரே. கதையின் வேர் 'குண்டலகேசி'. இந்த இடத்தில் எனக்கு ஒரு வெட்கம் வந்தது. வருஷா வருஷம் வகுப்பில் ஐம்பெருங்காப்பியங்களைச் சொல்லும்போது, "குண்டலகேசியில் நமக்குக் கிடைத்தவை 19 பாடல்கள்தான்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுவேன். நூல் அழிந்துவிட்டது, கதை பிற நூல்களின் உரைகள் வழியே தப்பியது. ஆனால் எட்டாவது படித்த என் அம்மாவுக்கு அந்தக் கதை முழுசாகத் தெரிந்திருந்தது. கொட்டகையில் பார்த்திருக்கிறார்.

கணவன் அவளை மலையுச்சிக்குக் கூட்டிப்போகிறான். கொல்லத்தான் கூட்டிவந்தேன் என்கிறான். அவள் கடைசி ஆசையாக அவனை மூன்று முறை சுற்றிவருகிறேன் என்கிறாள். எஸ்.ஏ. நடராஜனை மாதுரி தேவி சுற்ற ஆரம்பித்ததும் அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "தள்ளு... தள்ளுடி" என்றார் மெதுவாக. தள்ளியதும் சாய்ந்து உட்கார்ந்து, "எங்கூட படிச்சவளுக்குப் பதினாலு வயசுல கல்யாணம் பண்ணி வெச்சாங்க. இந்தப் படத்த அவ மூணு தடவ பாத்தா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அவன் பார்த்த கொரியத் தொடர்கள் எதிலும் இப்படி ஒரு நொடி வந்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான். அவன் மிகைப்படுத்துகிறவன் இல்லை.

அந்த நம்பிக்கையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களைப் பட்டியல் போட்டுத் தேடினோம். நம்பியார் பதினொரு வேஷம் போட்ட 'திகம்பர சாமியார்' கிடைத்தது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' படமான 'பொன்முடி' கிடைத்தது. ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடும் அறுபதுகளின் துப்பறியும் படங்கள் நிறையக் கிடைத்தன. இரண்டு பார்த்தோம், போதும் என்றாகிவிட்டது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இதே ஸ்டுடியோ தயாரித்ததுதான். அது எந்தத் தளத்திலும் கிடைக்காது. பிரதியே உலகத்தில் இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் சுலபத்தில் தீப்பிடிக்கிற நைட்ரேட். தீயில் போனது ஒரு பங்கு. ஓடி முடிந்த சுருளைக் கரைத்து அதிலிருக்கும் வெள்ளியை எடுத்து விற்றது இன்னொரு பங்கு. சேலம் கொலுசுக்குப் பேர்போன ஊர். எந்தப் படத்தின் வெள்ளி எந்தப் பெண்ணின் காலுக்குப் போனதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாமக்கல் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே. சினிமா பிடிக்காது என்று சொல்லிக்கொள்வார், ஆனால் ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசுவார். ஒருமுறை நாக்பூரில் லோடு இறங்கத் தாமதமாகிவிட்டது. கிளீனர் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு தியேட்டருக்குள் போனார், காற்றாடிக்காக. ஓடியது பழைய இந்திப் படம். அவருக்கு இந்தியில் தெரிந்ததெல்லாம் சரக்கு, வாடகை, போலீஸ் மூன்றும்தான். ஆனால் கால் மணி நேரத்தில் கதை புரிந்துவிட்டது. "நம்மூருக் கதடா இது!" என்று கிளீனரின் தொடையில் அடித்தாராம்.

அவர் சொன்னது நிஜம். படம் 'ஆசாத்', 1955. திலீப் குமார், மீனா குமாரி. மூலம் 'மலைக்கள்ளன்'. எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, மோகனூரில் பிறந்தவர். கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் வைத்துத் தமிழில் எடுத்தார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதே கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று இன்னும் ஐந்து மொழிகளுக்குப் போயிற்று. இந்தியிலும் இயக்கம் நாயுடுதான். அவர் கோயம்புத்தூருக்குப் பம்பாயைக் கூப்பிட்டார் என்று அப்பா மீசையைத் தடவுவார்.

ஊரடங்கின் மூன்றாவது மாதம், ஒரே நாளில் காலையில் மலைக்கள்ளனும் ராத்திரி ஆசாத்தும் போட்டோம். என் தீர்ப்பு: எம்.ஜி.ஆர். வேஷம் மாறும்போது நமக்குக் குஷி, திலீப் குமார் மாறும்போது அவருக்கே குஷி. சோக நாயகனாகவே நடித்து அலுத்த மனிதர் லீவில் வந்தது போல இருந்தார். சாயி, சுப்புலட்சுமி சகோதரிகள் ஆடும் ஆட்டம் வந்தபோது அம்மா, "இதத்தான் உங்கப்பா திரும்பத் திரும்பச் சொன்னாரா, கதைன்னு சொல்லி ஏமாத்திட்டாரு" என்றார். அப்பா இருந்தபோது அவர் சொன்ன படத்தைத் தேட எங்களிடம் வழி இல்லை. இப்போது தேட அரை நிமிடம்தான் ஆனது. 'ஆசாத்' என்ற பெயருக்கு நல்லவேளையாக எழுத்துக்கூட்டல் சிக்கல் அவ்வளவாகக் கிடையாது.

புதிதாக ஒன்றும் பார்க்கவில்லையா என்று கேட்டால், பார்த்தோம். 2022இல் புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' எட்டுப் பகுதிகளும் பார்த்தோம். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்க, அதற்குள்ளே ஒரு பெண் காணாமல் போகிற கதை. மயானக் கொள்ளை சேலத்தில் நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பயந்த விழா என்பதால் எனக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா திருவிழாவை மட்டும் விழித்துப் பார்த்தார். போலீஸ் விசாரணை வந்தால் தூங்கிவிடுவார்.

அலிபாபாவைக் கடைசிக்கு வைத்திருந்தோம். பயம்தான். ஊரடங்கு வருஷமே, ஆடி பதினெட்டு அன்றைக்கு, சாப்பாடெல்லாம் ஆன பிறகு போட்டோம். நல்ல பிரதி. முகங்கள் முகங்களாக இருந்தன. கடைவீதி வந்தது. மகன் நிறுத்தினான்.

டூரிங் கொட்டகையில் கண் சிமிட்டுவதற்குள் போன பாக்தாத், அறுபத்துச் சொச்சம் வருஷம் கழித்து ராசிபுரத்தில் எங்கள் கூடத்தில் அசையாமல் நின்றது. அம்மாவை நாற்காலியோடு டிவிக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். மகன் ஒரு விநாடி நகர்த்துவான், நிறுத்துவான். மறுபடி.

பச்சையே இல்லை.

பழைய வண்ணப் பிலிமில் ஒரு கோளாறு உண்டு. சாயம் நாளாக நாளாக வெளிறும், அதுவும் எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் போகாது. நீலமும் பச்சையும் முதலில் கழன்று, செம்மை தங்கிவிடும். நாங்கள் பார்த்த பிரதியில் வானமே வெற்றிலை எச்சில் நிறத்தில் இருந்தது. இதை அம்மாவுக்கு விளக்கியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. தறிக்காரர் வீட்டுப் பெண். "சாயம் போறதுதானே" என்றார். பிறகு, பழுப்பு நிறமாகத் தெரிந்த ஒரு தலைப்பாகையைக் காட்டி, "இதுதான். நிக்கற வாகு அவருதுதான், ஒரு காலு மடக்கி. தறிக்குழியில உக்காந்து உக்காந்து அப்படித்தான் நிப்பாரு" என்றார். நிமிஷக் கணக்கை மகன் டெய்லி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகினான்.

தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களுக்குக் காட்டலாம் என்று போட்டால், அந்தப் பிரதியைக் காணோம். படம் இருந்த இடத்தில் 'கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. உரிமைக் காலம் முடிந்தால் எடுத்துவிடுவார்களாம். வேறு இடத்தில் வேறு பிரதி கிடைத்தது. அதில் முன்பகுதியில் எங்கோ வெட்டியிருந்தார்கள், எங்கள் நிமிஷக் கணக்குப்படி போனால் பானுமதி தனியாக நின்றுகொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் அதிரசம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

போன வருஷம் மூன்றாவதாக ஒரு பிரதி வந்திருக்கிறது. யாரோ கம்ப்யூட்டரில் வண்ணத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வானம் நீலமாகிவிட்டது. கடைவீதியில் இப்போது பச்சைத் தலைப்பாகை நான்கு. பழைய பழுப்புத் தலைப்பாகைக்காரர் அந்த நான்கில் ஒருவர் இல்லை, அவருக்கு ஆரஞ்சு நிறம் வந்திருக்கிறது. அம்மா அசரவில்லை, ஆரஞ்சுதான் சித்தப்பா, மெஷின் தப்பாகச் சாயம் ஏற்றிவிட்டது என்கிறார். மகன் நான்கில் இரண்டாவது ஆள் என்கிறான். எனக்கு, தூணை ஒட்டி நிற்கும் கடைசி ஆள் மேல் ஒரு சந்தேகம்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சின்ன அப்புச்சியின் போட்டோ ஒன்றுகூட எங்கள் சனத்தில் யாரிடமும் கிடையாது. அவர் கேமராவுக்கு முன் நின்றது அந்த மூன்று நாள்தான்.